பெரியம்மா காருக்குப் பேப்பர் வாங்கிய கதை

பேப்பர் இல்லாத வண்டியை என் பெரியம்மா காசு கொடுத்து வாங்கினாள் என்று சொன்னால் விருதுநகரில் இன்றைக்கும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பெரியப்பா காலமான பிறகு அவர் விட்டுப்போன லாரி செட்டைத் தனி ஆளாக நடத்தியவள் அவள். சிவகாசியில் பட்டாசும் காலண்டரும் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரிகள். இன்சூரன்ஸ், பெர்மிட், எப்.சி. எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு லாரியையும் கேட்டைத் தாண்ட விடமாட்டாள். "பிரேக் இன்ஸ்பெக்டரு ரோட்டுல நிப்பாட்டினாத்தான் கேப்பாரு. அக்கா நம்ம கனவுல வந்தும் கேப்பாக" என்று டிரைவர்கள் அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் அதை ஒரு பட்டம் போல வாங்கிக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவள்தான் ஒரு மத்தியானம் சிவகாசியிலிருந்து திரும்பிய லாரியின் மேலே ஒரு பழைய காரை ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீடு செட்டுக்கு அடுத்த வீடு. என் அம்மா பெரியம்மாவின் கூடப்பிறந்த தங்கை என்பதால் பள்ளிக்கூடம் விட்டால் எனக்குச் செட்டுதான் கதி.

கார் என்றால் எல்லோரும் நினைக்கிற கார் இல்லை. ஹெரால்டு என்று அந்தக் காலத்து மாடல். இரண்டே கதவு. முன்சீட்டை மடித்தால்தான் பின்சீட்டுக்குள் நுழைய முடியும். மேலே பால் நிறமும் கீழே பச்சையுமாக ஒரு காலத்தில் இருந்திருக்கும். நாங்கள் பார்த்தபோது எல்லாம் ஒரே புழுதி நிறம். கதவைத் திறந்தால் உள்ளே கூரை வரைக்கும் அச்சாபீஸ் கழிவுக் காகிதம். பாதி முருகன், கால்வாசி லட்சுமி, கிழமை இல்லாத தேதிகள். அத்தனையையும் அள்ளிப் போட்ட பிறகு ஓர் எலிக் குடும்பம் கோபமாக வெளியேறியது.

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏக்கா, இதுல போறதுக்கு வாங்குனியா, இல்ல இதுக்குள்ள கோழி வளக்கவா?"

பெரியம்மா சண்டைக்குப் போகவில்லை. அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது. முந்தானையால் காரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "என் கல்யாணத்தன்னைக்கு நான் வந்த வண்டிடி இது" என்றாள். அம்மா உள்ளே போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்தக் கார் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி பெரிய முதலாளியுடையது. சொந்தம், தெரிந்தவர், வியாபாரம் பழகியவர் என்று யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் மனுஷன் காரைக் கொடுத்துவிடுவாராம். வாடகை கிடையாது. பெட்ரோல்கூட அவரே போட்டு, தானே ஓட்டிக்கொண்டு வருவாராம். அந்தக் காலத்தில் சிவகாசியிலும் விருதுநகரிலும் பாதிப் பெண்கள் தாலி கட்டிக்கொள்ள அந்தக் காரில்தான் போய் இறங்கினார்கள். பெரிய முதலாளி போய்ச் சேர்ந்த பிறகு கம்பெனியை அவருடைய மகன் பார்த்துக்கொண்டார். அவரைச் சின்ன முதலாளி என்பார்கள். அவருடைய குடோனுக்கு லோடு பார்க்கப் போன பெரியம்மா, காகிதக் குப்பைக்கு நடுவே காரின் மூக்கைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் ஆளே மாறிப்போனாள். "குடோனைக் காலி பண்ணணும்க்கா, எடுத்துட்டுப் போங்க. ஆர்.சி. புக்கு வீட்டுல எங்கனயாச்சும் கெடக்கும். சீசன் முடியவும் தேடித் தாரேன்" என்று அவர் சொன்னதை நம்பி, அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கழுவிக் கழுவி ஊற்றியிருப்பாள்.

செட்டு மெக்கானிக் மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். ஹெரால்டுக்குப் பானட் முழுவதும் முன்பக்கமாகத் திறக்கும். முதலை வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். அதன் வாய்க்குள் அவர் பாதி உடம்பை விட்டுக்கொண்டு கிடப்பார். மதுரையில் ஒரு சாமான், கோயமுத்தூரில் ஒரு சாமான் என்று தேடிப் பிடித்துப் போட்டு, ஒருநாள் அது வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றபோது நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. பச்சையும் பால் நிறமும் திரும்ப வந்திருந்தன. அதைவிட அழகான வண்டி உலகத்தில் ஏது!

ஆனால் என்ன புண்ணியம்? வண்டி கேட்டைத் தாண்டவில்லை. பேப்பர் இல்லாத வண்டி கேட்டைத் தாண்டாது என்ற சட்டம் பெரியம்மாவுக்கும் உண்டாம். செட்டு முற்றத்திலேயே லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். பத்தடி போனால் தெரு. தெருவில் ஒரு போலீஸ்கூட இல்லை. "ஒரே ஒரு தெரு போயிட்டு வருவோம் பெரியம்மா" என்று கெஞ்சுவேன். "எம் பேருக்கு ஆகட்டும். அதுவரைக்கும் இது இன்னொருத்தரு சொத்து. நாளைக்கே வந்து குடுன்னா குடுக்கணும்" என்பாள். சொல்லிவிட்டுப் பின்சீட்டில் போய்க் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பாள். ஓட்டுகிற சீட்டில் உட்காராமல் அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "உங்க பெரியப்பா இங்கனதான் உக்காந்திருந்தாக" என்று பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். இந்தக் கார் கைவிட்டுப் போனால் பெரியம்மா தாங்கமாட்டாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

சின்ன முதலாளிக்குச் சீசன் முடிந்தது. அடுத்து வீட்டில் வெள்ளையடிப்பு. அப்புறம் திருப்பதி. கடைசியில் புக்கு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். சரி, நம்பராவது சொல்லுங்கள் என்றால், "எனக்கு ஞாபகமில்லியேக்கா" என்றார். நம்பர் பலகைகள் துருப்பிடித்து எப்போதோ உதிர்ந்து போயிருந்தன. அடிச்சட்டத்தில் அடித்திருந்த எண்ணைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டு சூலக்கரையில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்தவர் தன்மையான மனிதர். பழைய பதிவெல்லாம் வண்டி நம்பர் வரிசைப்படிதான் இருக்கிறது, நம்பர் மட்டும் கொண்டுவாருங்கள், மற்றதை நான் பார்க்கிறேன் என்றார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே பெரியம்மாவுக்கு யோசனை வந்துவிட்டது. "எம்புட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கு இந்த வண்டி! ஒரு போட்டோவுலயாச்சும் நம்பர் விழாமயா போயிருக்கும்?"

முதலில் அவளுடைய கல்யாண ஆல்பத்தைத்தான் எடுத்தோம். காரின் முன்பக்கப் படம் அருமையாக விழுந்திருந்தது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கோழிக்கொண்டைப் பூச்சரம் திண்டு போலக் கட்டியிருந்தது. பரவாயில்லை என்று அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கே செவ்வந்தி. அதற்கடுத்த வீட்டில் முன்னால் மாலை, பின்னால் மணமக்கள் பெயர் எழுதிய பலகை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் இரண்டு பேரும் ஊரில் உள்ள பழைய கல்யாணப் பெண்களை எல்லாம் பார்க்கக் கிளம்பிவிடுவோம். எனக்குக் கண் கூர்மையாம், அதனால் நான். போகிற வீட்டிலெல்லாம் காப்பி, காராச்சேவு, மாமியார் கதை. ஆல்பத்தைத் திறந்தால் பூ, பூ, பூ!

கடைசியில் மெயின் பஜார் பக்கத்தில் ஒரு வீட்டு அம்மாதான் விஷயத்தை உடைத்தார். "அந்த நம்பரைக் கூட்டுனா எட்டுல்லா வரும்! எட்டு வார வண்டியில பொண்ணு மாப்பிள்ளைய ஏத்துவாகளா? அதான் மொத வேலையா பூவை வச்சு மூடிருவோம்." நம்பர் என்னவென்று கேட்டோம். "அது யாருக்குத் தெரியும்? கூட்டுனா எட்டு. அது நிச்சயம்."

அதற்குப் பிறகு கேட்ட வீட்டிலெல்லாம் இதே பதில்தான். ஓர் ஊரே கூட்டுத்தொகையை ஞாபகம் வைத்துக்கொண்டு நம்பரை மறந்திருந்தது. பெரிய முதலாளிக்கு இந்த எட்டாம் நம்பர் பயமெல்லாம் கிடையாதாம். எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய நம்பரைச் சிரித்துக்கொண்டே வாங்கியவராம். காரில் பூவைக் கட்டி மூடுகிறவர்களைப் பார்த்தும் சிரித்துக்கொண்டே இருப்பாராம்.

நம்பர் கிடைக்கவில்லை. ஆனால் எந்த ஆல்பத்தைத் திறந்தாலும் ஒரு பெண்பிள்ளை இருந்தது. இரண்டு கதவு வண்டி இல்லையா? முன்சீட்டில் இருக்கிற ஆள் இறங்கி, சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் கல்யாணப் பெண் பின்சீட்டிலிருந்து பட்டுச்சேலையோடு குனிந்து வெளியே வர முடியும். ஒவ்வொரு படத்திலும் அந்தப் பிள்ளைதான் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஓர் ஆல்பத்தில் முன்பல் இல்லை. இன்னொன்றில் இரட்டைச் சடையும் ரிப்பனும். பிறகு தாவணி. முதலாளி கார் ஓட்டிவர, மகள் பக்கத்தில் வருவாளாம். எல்லாப் பெண்களும் அவளைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று பெரியம்மா கேட்டால் மட்டும், "இன்னுங்கொஞ்சம் சேவு எடுத்துக்கோங்க" என்பார்கள்.

ஒருத்தி மட்டும் வாசல் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். முதலாளி மகள் ஒரு கிறிஸ்தவ வாத்தியாரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாளாம். வீட்டில் தலைமுழுகிவிட்டார்களாம். சாத்தூரில் டீச்சராக இருப்பதாகக் கேள்வி. எட்டுக்குப் பயப்படாத அந்தப் பெரிய மனிதர் இதற்குப் பயந்துவிட்டார். ஊர்ப் பெண்களை எல்லாம் ஏற்றிப்போன கார் அவள் கல்யாணத்துக்கு மட்டும் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாத்தூருக்குப் பஸ் ஏறினோம். பள்ளிக்கூடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆல்பங்களில் பார்த்துப் பார்த்து அந்த முகம் எனக்கு மனப்பாடம். பெரியம்மா உள்ளே போய் உட்காரக்கூட இல்லை. "தங்கச்சி, என் கல்யாணத்தன்னைக்கு முந்தானை கார்க் கதவுல மாட்டிக்கிருச்சு. நீதான் கிளியாம எடுத்து விட்ட. ஞாபகம் இருக்கா?"

டீச்சர் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அரக்குப் பட்டு" என்றார். பிறகு, "வண்டி இருக்காக்கா? இன்னும் ஓடுதா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல், "சீட்டை மடிக்கையில கடக்குன்னு ஒரு சத்தம் வருமே, இப்பவும் வருதா?" என்றார். வருகிறது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

நம்பர் கேட்டோம். மூன்று எழுத்தையும் எண்களையும் அவர் வாய்ப்பாடு போல ராகத்தோடு ஒப்பித்தார். சின்ன வயதில் அப்பாவோடு அந்தப் பலகையைத் துடைத்துத் துடைத்துத்தான் எண் படிக்கவே கற்றுக்கொண்டாராம். நான் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தேன். எட்டு! துள்ளிக் குதித்தேன். திரும்பிப் பார்த்தால் டீச்சர் அழுதுகொண்டிருந்தார். "அப்பா செத்தன்னைக்குத் தெருமுக்கு வரைக்கும் வந்தேங்கா. அதுக்கு மேல விடல" என்றார். வாத்தியார் எங்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், ஆற்றிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது பெரியம்மா நேரே போய்ப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாத்தூருக்குப் போய்விட்டுச் சேவு வாங்காமல் வந்தது எங்கள் குடும்பத்திலேயே அன்றைக்கு ஒருநாள்தான். நான் சாலை நெடுகக் கோபமாக இருந்தேன். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

நம்பரைக் கொடுத்ததும் ஆபீசில் பதிவைத் தேடி எடுத்துவிட்டார்கள். கார் இன்னும் பெரிய முதலாளி பெயரில்தான் இருந்தது. இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை மாற்ற வேண்டுமானால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பெரியம்மா நேரே சிவகாசிக்குப் போனாள். சின்ன முதலாளி ஏ.சி. ரூமில் எங்களை உட்கார வைத்து எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். "எங்கம்மாவும் இல்லக்கா. வாரிசு நான் ஒருத்தன்தான். பெறகு எதுக்கு அந்தச் சான்றிதழ் எல்லாம்? ஒரு வெள்ளைத்தாளுல எளுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துடுதேன்."

"நீங்க ஒருத்தர்தான்னா, எனக்குச் சீட்டை மடிச்சுப் பிடிச்சது யாரு தம்பி?" என்றாள் பெரியம்மா.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கொஞ்சநேரம் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பிறகு குழைந்துகொண்டு, காரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கொடுத்ததற்கு மேலேயே தருகிறேன் என்றார். வேண்டுமானால் பேப்பரெல்லாம் பக்காவாக இருக்கிற வேறு கார் தருகிறேன் என்றார். பெரியம்மா எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அவரு தாரதை வாங்கிக்கிட்டு விட்டுத் தொலையேன்க்கா. அடுத்தவுக குடும்பச் சண்டை நமக்கு எதுக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என் ஓட்டும் அம்மாவுக்குத்தான். பேப்பர் உள்ள கார் என்றால் கேட்டைத் தாண்டுமே!

அந்த வாரமே சின்ன முதலாளியின் மேனேஜர் நான்கு ஆட்களோடும் ஒரு லாரியோடும் வந்து இறங்கினார். பேப்பர் இல்லாமல் விற்றது செல்லாதாம், வண்டியை எடுத்துவரச் சொன்னார்களாம். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. நான் காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் ரூமிலிருந்து விறுவிறுவென்று வந்த பெரியம்மா, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு கதவையும் சாத்திப் பூட்டி, கண்ணாடியையும் ஏற்றிவிட்டாள். இரண்டு கதவு வண்டியின் லட்சணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் எழுந்து சீட்டை மடித்தாலொழிய நான் வெளியே போக முடியாது.

"பெரியம்மா, நான் எறங்கணும்."

"இரு புள்ள."

ஆட்கள் காரைச் சுற்றி நின்றார்கள். நம் செட்டு லோடுமேன்கள் சும்மா இருப்பார்களா? கையில் மூட்டைக் கொக்கியோடு அவர்கள் ஒரு பக்கம் வந்து நின்றார்கள். மேனேஜர் யாருக்கோ போன் போட்டுப் பேசினார். பெரியம்மா கண்ணாடியை ஒரு விரற்கடை மட்டும் இறக்கி, "தம்பி, வெயில்ல நிக்கீகளே. காப்பி சாப்பிடுதீகளா?" என்று கேட்டாள். உள்ளே ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் இருக்கிற வண்டியை எப்படித் தூக்குவது? திட்டிக்கொண்டே போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகும் அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியையும் விடவில்லை. டிரைவர்களை எல்லாம் நடுங்கவைத்த பெரியம்மா பயந்ததை அன்றுதான் பார்த்தேன். பின்னாலிருந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் மறுபடி சாத்தூர். விஷயத்தைக் கேட்டு டீச்சர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "எனக்கு அங்கன ஒண்ணும் வேண்டாங்கா. என்னை விட்டுருங்க."

"நீ ஒண்ணும் கேக்க வேண்டாம் தங்கச்சி. இன்னாரு பெத்த பிள்ளை நீன்னு ஒரு தாளு. அம்புட்டுத்தான். அதை உங்க அண்ணன் கேக்க மாட்டேங்குறாரு, நீ கேக்கலாம். என் காருக்காக."

டீச்சர் வாத்தியாரைப் பார்த்தார். "அக்கா காருக்காகத்தான கேக்காக? எளுதிக் குடு" என்றார் அவர்.

வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுத்தாயிற்று. கிராம அதிகாரி சிவகாசியில் அந்தத் தெருவுக்கே வந்து விசாரித்தார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அந்தக் கம்பெனியில்தான் பிழைப்பு. "அவுகளுக்குப் பொண்ணு இருந்துச்சா? நெனப்பு இல்லீங்களே" என்று ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். பிறந்த வீட்டு வாசலுக்கு எதிரில், எல்லோரும் தெரியாது என்று சொல்லச் சொல்ல, டீச்சர் தலையைக் குனிந்தபடி நின்றார்.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. பெரியம்மா ஏற்பாடு. அதிலிருந்து எங்கள் விருதுநகர்க் கல்யாணப் பெண்கள் இறங்கினார்கள். இப்போது எல்லோருக்கும் மூட்டு வலி, சர்க்கரை. ஆளுக்கொரு பை, பைக்குள் ஆல்பம். அதில் பாதிப்பேரிடம் வீட்டு ஆண்கள், போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பட்டாசு ஏஜென்ட் வீட்டு அம்மா ஒருத்தி, "சாயங்காலம் அவுக ஏசத்தான் செய்வாக. ஏசிட்டுப் போறாக" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். பெரியம்மாவின் ஆல்பத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் அதிகாரிக்கு முன்னால் விரித்தார்கள். இது நான், இது அவுக அப்பா, இந்தா சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது அவுக மக. அடுத்த ஆல்பம். இது நான், இது அவுக அப்பா, இது அவுக மக. பல் விழுந்ததிலிருந்து தாவணி போட்டது வரைக்கும் அந்தத் தெருவிலேயே டீச்சர் மறுபடி ஒருமுறை வளர்ந்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரிம்மா. ஒரு போட்டோவுலயாச்சும் வண்டி நம்பர் தெரியலியே?" என்றார். "கூட்டுனா எட்டு சார்!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவரும் சிரித்துவிட்டார். எதிர்வீட்டில் நினைவில்லை என்று சொல்லியிருந்த அம்மா மெல்லப் படியிறங்கி வந்து, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ அவுக மகதான் சாமி. நான் தூக்கி வளத்த பிள்ளை" என்று சொல்லிக் கேவினாள். என் பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். அன்றைக்கு அவளை நான் அண்ணாந்து பார்த்தேன். இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன்.

சான்றிதழில் இரண்டு பெயர்கள் வந்தன. மகன் ஒன்று, மகள் ஒன்று. அவ்வளவுதான், ஒரு காருக்கு வேண்டிய ஒரு தாள் கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். இப்போது நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். இடத்தை அடமானம் வைக்க வருகிறவர்களிடம் முதலில் வாரிசுச் சான்றிதழைத்தான் கேட்கிறேன். அந்தத் தாளில் 'காருக்கு மட்டும்' என்று எழுத இடமே கிடையாது. பெரிய முதலாளி உயில் எழுதவில்லை. கம்பெனி நின்ற நிலம், குடோன், வீடு எல்லாம் அவர் பெயரிலேயே கிடந்தன. சான்றிதழ் கேட்டால் தங்கச்சி பெயரும் வந்துவிடும் என்றுதான் மகன் அத்தனை வருஷமும் அதைக் கேட்காமலே எல்லாவற்றையும் ஆண்டுகொண்டிருந்திருக்கிறார். டீச்சர் கேஸ் எதுவும் போடவில்லை. பிற்பாடு அண்ணன் ஒரு காலிமனையை விற்கப் போனபோது, வாங்க வந்தவர்களே தங்கச்சி கையெழுத்து இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குச் சாத்தூருக்குப் பஸ் ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு டீச்சர் ஆனைக்குட்டம் போகிற வழியில் தன் பங்கு நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். ஹெரால்டு அங்கே அடிக்கடி போய்வருகிறது.

இதெல்லாம் தெரிந்துதான் செய்தாயா என்று போன மாதம் பெரியம்மாவைக் கேட்டேன். "நான் லாரிக்காரி புள்ள. பேப்பர்ல பேரு இல்லாதவுகளை யாரு வேணாலும் எறக்கிவிட்டுட்டுப் போயிருவாகன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். காரைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு அழுதவள் என்றுதான் இத்தனை நாள் அவளை நினைத்திருந்தேன். என்ன மனுஷி!

ஆனால் அன்றைக்கு எனக்கு இதில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாதே. சான்றிதழே வந்துவிட்ட பிறகு சின்ன முதலாளி மறுத்துப் பிரயோஜனமில்லை. காரை மாற்றிக் கொடுக்கிற தாளில் கையெழுத்துப் போட அண்ணனும் தங்கையும் சூலக்கரை ஆபீஸ் வராந்தாவுக்கு வந்திருந்தார்கள். பெரியம்மா நடுவில் நின்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டீச்சர் முதலில் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். சின்ன முதலாளி வாங்கிக்கொண்டு, தங்கச்சியின் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயரோடு இன்னொரு பெயர் வந்துவிட்டது, இனி அதை எந்தப் பூவை வைத்தும் மறைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துவிட்டது.

எனக்குத் தாங்கவில்லை. கிட்டப் போய் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதீக மாமா. ஞாயித்துக்கிளமை எங்க செட்டுக்கு வாங்க. உங்களையும் வண்டியில ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகச் சொல்லுதேன்."

வராந்தாவில் யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா என்னைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாவம், அந்த மனுஷருக்குக் கார் என்றால் எவ்வளவு உசுரு என்று அன்று முழுவதும் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.